மின்சாரக் கார் நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் ஓடும்?

வண்டி வாங்க நினைப்பவர் நம் நாட்டில் முதலில் கேட்கும் கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்பதுதான். விலையும் நிறமும் அதற்குப் பின்னரே பேசப்படும். மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் வந்த பிறகு அக்கேள்வி சற்றே உருமாறி, "ஒரு தடவை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும்?" என்று ஆகியிருக்கிறது. விற்பனை நிலையத்தார் இதற்கு ஒரே ஓர் எண்ணை விடையாகத் தருகிறார்கள். சிலர் 470 என்பர். சிலர் 500 என்பர். அந்த எண்ணை நம்பிப் பல்லாண்டுச் சேமிப்பைக் கொட்டி வண்டியை வாங்கிய ஒரு குடும்பம், முதல் வெளியூர்ப் பயணத்தில் 250 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் மின்னேற்றும் இடத்தைத் தேட நேர்ந்தால், "நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்று நினைப்பது இயல்பே.

ஆனால் அங்கே பொய் சொன்னவர் எவரும் இல்லை. கேள்விதான் அரைகுறையானது. "எவ்வளவு தூரம் ஓடும்?" என்று கேட்பவரிடம், "எந்த வேகத்தில்?" என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். ஒரு வண்டி ஓடக்கூடிய தொலைவு அந்த வண்டிக்குள் அடைத்து வைக்கப்பட்ட பொருளன்று. அதை ஓட்டுபவருடைய வலக்கால் நொடிக்கு நொடி முடிவு செய்கிறது. உயரமும் பருமனும் கொண்ட எஸ்.யூ.வி. வகை மின்வண்டிகளுக்கு இது மிகவும் பொருந்தும். அது எவ்வாறு என்பதைப் பள்ளியில் நாம் படித்த விசை, வேலை, திறன் ஆகியவற்றைக் கொண்டே இங்குக் காண்போம்.

ஐந்தரை லிட்டர் பெட்ரோல்

பெட்ரோல் வண்டிக்குத் தொட்டி எப்படியோ, மின்வண்டிக்கு மின்கலத் தொகுதி அப்படி. அதன் கொள்ளளவைக் கிலோவாட்-மணி என்னும் அலகால் குறிப்பார்கள். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் 'யூனிட்' என்று எழுதப்படுவதும் இதுவேதான். 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் மின்வண்டியின் மின்கலம் 30.2 யூனிட் கொண்டது. 2025 ஜனவரியில் வெளிவந்த ஹூண்டாய் கிரெட்டா மின்வண்டியில் 51.4 யூனிட் வரை உண்டு. இந்த இரண்டாம் வண்டிக்கு அறிவிக்கப்பட்ட தொலைவு 473 கிலோமீட்டர்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். எனவே 50 யூனிட் மின்கலம் என்பது ஐந்தரை லிட்டர் பெட்ரோலுக்குத்தான் சமம்! ஐந்தரை லிட்டரை வைத்துக்கொண்டு ஒரு பெட்ரோல் எஸ்.யூ.வி. எண்பது கிலோமீட்டர் போனாலே பெரிது. மின்வண்டியோ அதே ஆற்றலில் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் போகிறது. காரணம் எளியது. பெட்ரோல் எஞ்சின் தான் உண்ணும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே தள்ளிவிடுகிறது. மின்மோட்டார் தன்னிடம் வருவதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

இந்தச் சிக்கனத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சின், நகரத்தில் நின்று நின்று செல்லும்போதுதான் மிகவும் மோசமாக வேலை செய்யும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது அதன் திறன் உயரும். காற்றின் தடை கூடினாலும் எஞ்சினுடைய முன்னேற்றம் அதை ஓரளவு மறைத்துவிடும். எனவேதான் பெட்ரோல் வண்டி வெளியூர்ச் சாலையில் கூடுதல் 'மைலேஜ்' தருகிறது. மின்மோட்டாரோ நகரத்திலும் திறமையானது, சாலையிலும் திறமையானது. மேலும், நகரத்தில் ஒவ்வொரு முறை வேகத்தைக் குறைக்கும்போதும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலை குறைவு. ஆகையால் திரும்பி வருவதும் குறைவு. காற்றின் தடையை மறைக்க அங்கே எதுவும் இல்லை. எனவே பெட்ரோல் வண்டிக்கு நேர்மாறாக, மின்வண்டி நகரத்தில் அதிகத் தூரமும் நெடுஞ்சாலையில் குறைந்த தூரமும் ஓடுகிறது. பெட்ரோல் வண்டியில் பழகியவரைத் திகைக்க வைப்பது இதுவே.

சாலையில் எதிர்ப்பவை இரண்டு

சமதளச் சாலையில் சீரான வேகத்தில் செல்லும் வண்டியை எதிர்ப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் உருளும்போது நசுங்கி விரிவதால் உண்டாகும் உருளல் தடை. இது வண்டியின் எடையைப் பொறுத்தது. வேகத்தால் பெரிதும் மாறுவதில்லை. மற்றொன்று காற்றின் தடை. காற்றின் அடர்த்தி, வண்டியின் முகப்புப் பரப்பு, அதன் வடிவத்தைக் குறிக்கும் இழுவைக் கெழு, வேகத்தின் வர்க்கம் ஆகிய நான்கையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் இவ்விசை கிடைக்கும். 'வேகத்தின் வர்க்கம்' என்பதைக் கவனிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது.

ஒரு நடுத்தர எஸ்.யூ.வி.யைக் கற்பனை செய்துகொள்வோம். ஆட்களோடு சேர்த்து எடை 2,000 கிலோ. முகப்புப் பரப்பு 2.6 சதுர மீட்டர்; இழுவைக் கெழு 0.30; உருளல் தடை எடையில் நூற்றில் ஒரு பங்கு; மின்கலத்திலிருந்து சக்கரம் வரை திறன் 88 விழுக்காடு; குளிர்சாதனமும் பிற கருவிகளும் எடுத்துக்கொள்வது 1.5 கிலோவாட், மின்கலம் 50 யூனிட். நம் ஊர் வெயிலுக்கேற்ற காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் விடை இது:

மணிக்கு 60 கி.மீ.: ஒரு கிலோமீட்டருக்கு 126 வாட்-மணி, முழு மின்கலத்தில் 397 கி.மீ.
மணிக்கு 80 கி.மீ.: ஒரு கிலோமீட்டருக்கு 151 வாட்-மணி, 331 கி.மீ.
மணிக்கு 100 கி.மீ.: ஒரு கிலோமீட்டருக்கு 186 வாட்-மணி, 269 கி.மீ.
மணிக்கு 120 கி.மீ.: ஒரு கிலோமீட்டருக்கு 232 வாட்-மணி, 216 கி.மீ.

வண்டி ஒன்றே, மின்கலம் ஒன்றே, சாலையும் ஒன்றே. ஆயினும் 60-க்கும் 120-க்கும் இடையே தொலைவு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 60 கி.மீ. வேகத்தில் உருளல் தடையே பெரியது. காற்று இரண்டாம் இடத்தில் நிற்கிறது. 80-ஐ நெருங்குகையில் காற்று முந்துகிறது. 120-இல் அது உருளல் தடையைப்போல் இரண்டரை மடங்காகிவிடுகிறது. அந்த வேகத்தில் மின்கலத்தின் பெரும்பகுதி காற்றை விலக்கி வழி உண்டாக்குவதிலேயே தீர்ந்து போகிறது.

உயரத்தின் விலை

எஸ்.யூ.வி. வண்டிகளை மக்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஏறி இறங்க வசதி, மேடு பள்ளத்துக்கு அஞ்சாத உயரம், சாலையில் ஒரு கம்பீரம். ஆனால் இந்த உயரமே முகப்புப் பரப்பைக் கூட்டுகிறது. செங்குத்தான முகமும் தட்டையான பின்புறமும் இழுவைக் கெழுவைக் கூட்டுகின்றன. 2.2 சதுர மீட்டர் முகப்பும் 0.23 கெழுவும் கொண்ட தாழ்வான காரை நம் கணக்கில் வைத்துப் பார்த்தால், காற்றின் தடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துவிடும்.

குறையை ஈடுசெய்ய மின்கலத்தைப் பெரிதாக்கினால் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2021-இன் இறுதியில் வெளிவந்த ஜி.எம்.சி. ஹம்மர் என்னும் மின்சாரப் பிக்கப் வண்டி இதற்கு நல்ல சான்று. அதன் மின்கலம் 200 யூனிட்டுக்கும் மேல். வண்டியின் எடை நான்கு டன்னுக்கும் மேல். அறிவிக்கப்பட்ட தொலைவு 329 மைல், அதாவது ஏறத்தாழ 530 கிலோமீட்டர். அந்நாட்டிலேயே 2022-ஆம் ஆண்டின் டெஸ்லா மாடல் ஒய் என்னும் எஸ்.யூ.வி.யின் நெடுந்தொலைவு வகைக்கு அறிவிக்கப்பட்ட தொலைவு 330 மைல். அதன் மின்கலமோ ஏறத்தாழ 80 யூனிட். எடை ஏறத்தாழ இரண்டு டன். இழுவைக் கெழு 0.23. ஒன்று பெரிய மின்கலத்தால் வாங்கியதை மற்றொன்று நல்ல வடிவத்தாலும் குறைந்த எடையாலும் பெற்றது. பெரிய மின்கலத்துக்கு விலையும் பெரிது, எடையும் பெரிது, மின்னேற்றும் நேரமும் பெரிது. ஆகையால் 'எத்தனை யூனிட் மின்கலம்?' என்பதோடு, 'ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி?' என்றும் கேட்க வேண்டும்.

சோதனைக்கூடத்து எண்

அப்படியானால் 473 போன்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன? அவை சோதனைக்கூடத்தில் பிறக்கின்றன. வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, வகுத்து வைத்த கால அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிறார்கள். நம் நாட்டுச் சோதனை முறையில் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான், சராசரி வேகம் 40-ஐக்கூட எட்டாது. குளிர்சாதனம் இயங்காது. ஐரோப்பாவில் வழங்கும் முறை சற்றுக் கடுமையானது. அரைமணி நேரத்தில் 23 கிலோமீட்டர் ஓட்டுவர். உச்ச வேகம் 131 கி.மீ. வரை செல்லும். எனினும் அதிலும் சராசரி 46.5 கி.மீ.தான்.

2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்தப்பட்ட மகிந்திரா பி.இ.6 வண்டியின் 79 யூனிட் வகைக்கு இந்திய முறைப்படி கிடைத்த எண் 682 கி.மீ.; ஐரோப்பிய முறைப்படி 550 கி.மீ. வண்டி மாறவில்லை, அட்டவணை மாறியதும் 132 கிலோமீட்டர் காணாமற் போயிற்று! அதே 2024-இல் டாடா நிறுவனம் தன் கர்வ் மின்வண்டியின் 55 யூனிட் வகைக்குச் சோதனை எண்ணாக 502 கி.மீ. எனவும், உண்மைச் சாலையில் எதிர்பார்க்கத்தக்கது 400 முதல் 425 கி.மீ. எனவும் இரண்டு எண்களைச் சேர்த்தே வெளியிட்டது. இது வரவேற்கத்தக்க வழக்கம். எனினும் இந்த இரண்டாம் எண்ணும் நகரமும் சாலையும் கலந்த ஓட்டத்துக்கு உரியது. சீராக 100 கி.மீ. வேகத்தில் செல்பவர் அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

சோதனை எண் பயனற்றது என்று இதற்குப் பொருள் அன்று. இரண்டு வண்டிகளைத் தம்முள் ஒப்பிட அது உதவும். ஊருக்குப் போய்ச் சேருவதற்கு அது உதவாது.

காற்றும் மலையும் குளிரும்

வேகத்தைத் தவிர வேறு சிலவும் இக்கணக்கில் குறுக்கிடுகின்றன. காற்றுத் தடைக்கு உரிய வேகம், சாலையைப் பொறுத்த வேகமன்று. காற்றைப் பொறுத்த வேகம். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் நோக்கி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே செல்பவர் காற்றுக்கு எதிரே செல்கிறார். முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான் அது. 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது 20 கி.மீ. எதிர்காற்று வீசினால், நம் கணக்கு வண்டி முழு மின்கலத்தில் 214 கி.மீ. மட்டுமே போகும். வேகமானியில் 100 என்று இருந்தாலும் மின்கலம் 120-க்கு உரிய செலவையே செய்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறுவது ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். 2,000 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 10 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அதாவது மின்கலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இறங்கும்போது அதில் நல்ல பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது ஆறுதல். பெட்ரோல் வண்டி இறங்கும்போது தொட்டியில் ஒரு சொட்டும் ஏறுவதில்லை அல்லவா!

குளிர்நாடுகளில் மற்றொரு தொல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. வண்டியின் உட்புறத்தையும் சூடாக்க வேண்டும். நார்வே நாட்டு வாகன ஓட்டிகளின் சங்கம் 2020-இல் நடத்திய குளிர்காலச் சோதனையில், வண்டிகள் அறிவிக்கப்பட்ட தொலைவில் சராசரியாக 18.5 விழுக்காடு குறைவாகவே ஓடின. நமக்கு அந்தக் கவலை இல்லை. குளிர்சாதனம் உண்ணும் ஆற்றலைப் பற்றித்தான் நம்மவர் கவலைப்படுகிறார்கள். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அக்கவலை நியாயமானதே; நெடுஞ்சாலையில் அது வீண். 100 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோவாட் உண்ணும் குளிர்சாதனத்தை நிறுத்தி வியர்த்து வடிந்தால் நம் வண்டிக்குக் கிடைப்பது 15 கி.மீ. குளிர்சாதனத்தை அப்படியே விட்டுவிட்டு வேகத்தை 90-ஆகக் குறைத்தால் கிடைப்பது 30 கி.மீ.

விரைந்தால் முந்தலாமா?

இனி, பயணத்துக்கு வருவோம். நெடுஞ்சாலையில் யாரும் மின்கலத்தை முழுவதும் தீர்த்துவிட்டு நிற்பதில்லை. பத்து விழுக்காடாவது கையிருப்பு வைக்க வேண்டும். வழியில் மின்னேற்றும்போது எண்பது விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம். ஏனெனில் குடம் நிரம்பும் தறுவாயில் குழாயைச் சிறிதாகத் திருகுவதுபோல, மின்கலம் நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். ஆக, ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையே நமக்குக் கிடைப்பது 70 விழுக்காடுதான். 50 யூனிட்டில் அது 35 யூனிட். 100 கி.மீ. வேகத்தில் அதனால் 188 கி.மீ. போகலாம். விளம்பரத்தின் 470 எங்கே, இந்த 188 எங்கே! குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்பவர் நினைவில் வைக்க வேண்டியது இந்தச் சிறிய எண்ணைத்தான்.

420 கிலோமீட்டர் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழு மின்கலத்தோடு புறப்பட்டுப் பத்து விழுக்காடு மிச்சத்தோடு சேர வேண்டும். வழியில் உள்ள மின்னேற்றி சராசரியாக 40 கிலோவாட் தருகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாலையை விட்டு விலகவும், வண்டியை இணைக்கவும், திரும்பிச் சேரவும் 15 நிமிடம் ஆகிறது.

80 கி.மீ. வேகத்தில் ஓட்ட நேரம் 5 மணி 15 நிமிடம். ஒரே நிறுத்தம், 28 நிமிட மின்னேற்றம். மொத்தம் 5 மணி 58 நிமிடம்.

100 கி.மீ. வேகத்தில் ஓட்ட நேரம் 4 மணி 12 நிமிடம். ஒரே நிறுத்தம், 50 நிமிட மின்னேற்றம். மொத்தம் 5 மணி 17 நிமிடம்.

120 கி.மீ. என்பது நம் சாலைகள் பெரும்பாலானவற்றில் அனுமதிக்கப்படாத வேகம். கணக்குக்காக அதையும் பார்ப்போம். ஓட்ட நேரம் மூன்றரை மணிதான். ஆனால் இரண்டு நிறுத்தங்கள் வேண்டும்; மின்னேற்றம் 79 நிமிடம். மொத்தம் 5 மணி 19 நிமிடம்.

வழியெல்லாம் பறந்து சென்றவர், நிதானமாக வந்தவருக்கு இரண்டு நிமிடம் பின்னால் வந்து சேர்கிறார்! 19 யூனிட் மின்சாரத்தையும் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். யூனிட்டுக்கு இருபது ரூபாய் என்று வைத்தாலும் ஏறத்தாழ 390 ரூபாய். விபத்துக்கான வாய்ப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதை மாறா விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. மூன்று மடங்கு வலிய மின்னேற்றி இருந்து, அவ்வளவையும் ஏற்கும் ஆற்றல் வண்டிக்கும் இருந்தால், 120-இல் சென்றவர் ஏறத்தாழ 17 நிமிடம் முந்திவிடுவார். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மின்வண்டியின் பயண நேரத்தை வண்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. சாலையோரத்து மின்னேற்றியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

வண்டி வாங்கச் செல்பவர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். மின்கலத்தில் உண்மையில் பயன்படுத்தக்கூடியது எத்தனை யூனிட்? சீரான 100 கி.மீ. வேகத்தில், குளிர்சாதனம் இயங்கும் நிலையில், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி செலவாகும்? பத்திலிருந்து எண்பது விழுக்காடு வரை மின்னேற்ற எவ்வளவு நேரம்? முதல் விடையின் 70 விழுக்காட்டை இரண்டாம் விடையால் வகுத்தால், நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஓடும் தொலைவு கிடைத்துவிடும். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. வகுத்தல் தெரிந்தால் போதும்.

தனியொருவர் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு வழி. எல்லோரும் கேட்காமலே தெரிந்துகொள்ளும்படி செய்வது அதனினும் நல்ல வழி. கடையில் விற்கும் மின்விசிறியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் அவற்றின் மின்செலவைக் காட்டும் நட்சத்திர முத்திரையை ஒட்டுகிறார்கள். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள வண்டியின் முகப்புக் கண்ணாடியிலும் "100 கி.மீ. வேகத்தில் இவ்வளவு தூரம்" என்று ஒரு சீட்டு ஒட்டப்பட வேண்டும். அந்த எண் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் அதை அறிந்து வாங்கியவருக்கு வழியில் ஏமாற்றம் இராது. மின்வண்டி தன் செலவை ஒளிப்பதில்லை. ஒவ்வொரு கிலோமீட்டரின் கணக்கையும் ஓட்டுநரின் கண்ணெதிரே திரையில் காட்டிக்கொண்டே வருகிறது. விற்கும் இடத்திலும் அதே நேர்மை இருக்க வேண்டும் என்பதே நாம் விரும்புவது.